நூற்றொன்பது

கிழக்குக் கடற்கரைச் சாலை, முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிறுவனத்தின் காத்திருப்புக் கூடம். எதிர் பெஞ்சில் அப்பா, அம்மா, பாட்டி. மரக்காணம் பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறியிருக்கிறார்கள். பையனுக்கு மூன்றரை வயது. சுவரில் டைல்ஸ் சேரும் கோட்டை ஒற்றை விரலால் தொட்டபடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடக்கிறான். சுவர் முடிந்ததும் திரும்புகிறான்.

அப்பாவின் மடியில் பிளாஸ்டிக் ஃபைல். வேறோர் இடத்தில் எழுதித் தந்த அறிக்கை. அவருடைய கட்டைவிரல் ஒரு எண்ணைவிட்டு நகரவில்லை: 109.

“நூத்தி ஆறு வரைக்கும் மைல்டாம். மூணு மார்க்குல மாடரேட்டுன்னு எழுதிட்டாங்க.”

பரீட்சையில் மூன்று மார்க்கில் கோட்டைவிட்ட பிள்ளையின் தகப்பன் போலப் பேசுகிறார். அவர் சொல்லும் கணக்கு சரிதான். ‘ஐசா’ என்ற இந்திய அளவுகோலில் நாற்பது கூறுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை போடுவார்கள். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

“கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பானான்னு கேட்டாங்க. நீ பார்க்கவே மாட்டான்னுட்ட. எப்பவாவது பார்ப்பான்ல?”

“நீங்க லோடு ஏத்திக்கிட்டுப் போனா ராத்திரிதான் வர்றீங்க. பகல் பூரா கூப்பிடறது நான்.”

இருவர் சொல்வதும் பொய்யில்லை. பகலெல்லாம் கூப்பிட்டுச் சலித்தவளின் கணக்கு ஒன்று. ராத்திரி தோளில் ஏறிக்கொள்ளும் பையனை மட்டும் பார்க்கிறவரின் கணக்கு வேறொன்று. யாரிடம் கேட்டார்கள், எந்த நாளில் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து மூன்று என்ன, பத்துக்கூட நகரும். இன்னொருவரிடம் காட்டிக் கேட்பதைப் பெற்றோர் உண்மையை ஏற்க மறுப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் பார்த்து எழுதிய தாளை இன்னொரு ஜோடிக் கண்கள் பார்க்கட்டும் என்பது பிள்ளைக்குச் செய்யும் நியாயம்.

“அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் தூங்கல. அதை அவங்க கேக்கவும் இல்ல, நாம சொல்லவும் இல்ல” என்கிறாள் அம்மா.

பாட்டி பையிலிருந்து முறுக்குப் பாக்கெட்டை எடுத்துப் பிரிக்கிறாள். அதுவரை மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பையன் ஓடி வந்து கை நீட்டுகிறான்.

“பாரு, காது நல்லாத்தான் கேக்குது. இவங்கப்பனும் நாலு வயசுக்கு அப்புறம்தான் பேசினான். அந்தக் காயிதத்தை இங்க காட்டாதே. காட்டினா அதையே பார்த்து எழுதிடுவாங்க.”

பாட்டியின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. முன்னவர் எழுதியதைப் படித்த கண், அதையே தேடக்கூடும். ஆனால் மறைத்தால், அங்கே எதைச் சோதித்தார்கள், எதை விட்டார்கள் என்பது இங்கே எப்படித் தெரியும்? ஃபைல் மடியிலிருந்து பைக்குள் போகிறது. சற்று நேரத்தில் அம்மா அதை வெளியே எடுக்கிறாள்.

பக்கத்து பெஞ்சில் பத்து வயதுப் பெண்ணுடன் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மா இந்தப் பக்கம் சாய்கிறாள். “பெரா டெஸ்ட் எடுத்தீங்களா?”

“அது என்னங்க?”

“காதுக்குப் பார்க்கறது. பாக்கெட் சத்தம் கேக்குதுன்னு விட்டுடாதீங்க. சில சத்தம் கேக்கும், பேச்சு மட்டும் சரியா கேக்காமப் போகும். முதல்ல அதைப் பார்த்துடணும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஸ்பீச் தெரபி போறானா?”

“ரெண்டாவது டாக்டர் சொல்லட்டும்னு நிறுத்தி வச்சிருக்கோம்” என்கிறார் அப்பா.

“நிறுத்தாதீங்க அண்ணா. மைல்டுன்னாலும் மாடரேட்டுன்னாலும், ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாலும், பேச வைக்கிற பயிற்சி வீணாகாது. நாங்க அப்படியே ஒரு வருஷத்த விட்டுட்டோம்.”

அப்பா பதில் சொல்லவில்லை. கட்டைவிரல் எண்ணைவிட்டு விலகியிருக்கிறது. அந்த அம்மா சொன்னதுதான் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டியது. மறு கருத்துக்காகக் காத்திருக்கலாம். அந்த மாதங்களில் பிள்ளையையும் காக்க வைக்கக் கூடாது. மூன்று வயதின் மாதங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். கதவருகில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண். அம்மா ஃபைலை நீட்டுகிறாள்.

“இதுல எல்லாம் இருக்குது மேடம். ஆனா முதல்ல இவனைப் பாருங்க. அப்புறம் இதைப் படிங்க.”

அந்தப் பெண் ஃபைலை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பையனின் உயரத்துக்குக் குனிகிறாள். பிறகு பெற்றோரிடம், “ராத்திரி தூங்கினானா? காலையில என்ன சாப்பிட்டான்? வீட்டுல விளையாடற வீடியோ போன்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று கேட்கிறாள்.

“நிறைய இருக்கு மேடம்” என்று அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கிறார்.