பின்னுக்கு இருக்கிற ஆளும் பின் சொக்கும்

படங்களில வாற கஃபே ரேசர், பொபர் மோட்டார் சைக்கிளுகளில பெரும்பாலும் ஒராளுக்குத்தான் சீற் இருக்கும். எங்கட ஒழுங்கையளில ஒராள் மட்டும் போற மோட்டார் சைக்கிளைக் காணுறதுதான் குறைவு. பின்னுக்கு அம்மாவோ தங்கச்சியோ இருப்பா, ஹான்டிலில ஒரு மரக்கறிப் பை தொங்கும். அந்தப் படத்துக்கும் இந்த ஒழுங்கைக்கும் இடையில கிடந்து நசியிற சாமான்தான் பின் சொக்.

எங்கட அறையில நாலு பேர். ஒருத்தன்ர வீட்டில நிக்கிற பழைய ஹொண்டா சிடி 125ஐ மாத்திச் செய்யிறது எண்டு முடிவெடுத்த நாளில இருந்து இரவில சொக் கதைதான். ராங்கிக்கு என்ன நிறம் எண்டதை அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டம். சொக் ரெண்டு மாதம் இழுத்தது. (கலைப்பீடத்துக்காரருக்கு ஏன் இந்த வேலை எண்டு கேக்கிற ஆக்களுக்கு: ஓஎல் மட்டும் கணிதம் நாங்களும் படிச்சனாங்கள்தான்.)

பெடியள் முதல் செய்யிறது கட்டைச் சொக் போடுறது. 13 அங்குலத்தைக் கழட்டி 11 அங்குலம் போட்டா பின்பக்கம் பதிஞ்சு, பாக்க வடிவாத்தான் இருக்கும். ஆனா பின்பக்கம் தனியப் பதியிறேல்லை. இந்த அளவு மோட்டார் சைக்கிளில ரெண்டு சில்லுக்கும் இடையில 50 அங்குலம் அளவில வரும். பின்பக்கம் 2 அங்குலம் இறங்கினா முழு பிரேமும் ரெண்டு பாகைக்கு மேல பின்னுக்குச் சரியும். அதோட முன் ஃபோர்க்கும் சரியும். ஹான்டில் திருப்ப மந்தமாகும், வளைவில வண்டி வெளிப்பக்கமா இழுக்கும். சைலன்சரும் கால் மிதியும் நிலத்துக்குக் கிட்ட வந்திடும். அதாவது, பின்னுக்கு மாத்தின ஒரு சாமான் முன் சில்லின்ர குணத்தை மாத்திப்போடும்.

இதில பின்னுக்கு ஒராள் ஏறினா? அவரின்ர பாரம் கிட்டத்தட்ட முழுக்கப் பின் சில்லிலதான் விழும். ஏற்கெனவே பதிஞ்ச பின்பக்கம் இன்னும் பதியும். ஹெட்லைற் மேல பாத்து, எதிர வாறவன்ர கண்ணில அடிக்கும். ஸ்பீட் பிரேக்கரில சொக் அடியில போய் முட்டேக்க அந்த அடி நேர பின்னுக்கு இருக்கிறவரின்ர நாரியிலதான் விழும். ஓட்டுறவனுக்கு அவ்வளவு தெரியாது. அவன் ரெண்டு சில்லுக்கும் நடுவில இருக்கிறான்.

உயர்த்தினா சரியோ எண்டா, அதுவும் இல்லை. நீளச் சொக் போட்டா ஃபோர்க் நிமிரும், வண்டி சட்டெண்டு திரும்பும், ஆனா வேகத்தில ஹான்டில் உதறப் பாக்கும். செயின் சுவிங் ஆமில உரசும். சைட் ஸ்டாண்டில விட்டா கூடச் சரிஞ்சு நிக்கும். எல்லாத்தையும் விட, சேலை உடுத்த ஒரு அம்மா அதில ஏறி இருக்கிறது சும்மா வேலையில்லை.

அடுத்தது மொனோ சொக். ரெண்டு சொக்கையும் கழட்டி நடுவில ஒண்டை வெல்ட் பண்ணுறது. கொம்பனி அப்பிடிச் செய்யேக்க அதுக்கெண்டே பிரேமைக் கட்டுது. நாங்கள் செய்யேக்க சொக்கை சுவிங் ஆமின்ர நடுப்பகுதியில பூட்டினா, சில்லில வாற விசை சொக்குக்கு ரெண்டு மடங்காப் போகும். பழைய இறுக்கம் வேணுமெண்டா, ரெண்டு ஸ்பிரிங்கும் சேந்து தந்ததைப்போல நாலு மடங்கு இறுக்கமான ஒரு ஸ்பிரிங் வேணும். அவ்வளவு பாரமும் முந்தி ஒண்டுமே தாங்காத ஒரு இடத்தில, ஒரு வெல்டில வந்து நிக்கும். எங்களுக்கு அந்த வெல்டில நம்பிக்கை வரேல்லை.

சொக்கே இல்லாத ஹார்ட்டெயில் கதையும் வந்தது. அந்த வடிவுக்கு எவ்வளவு மதிப்பெண்டா, ஹார்லி டேவிட்சன் 1984இல சொஃப்ட்டெயில் எண்டு ஒண்டை விட்டது. பாக்க சொக் இல்லாத மாதிரி, ஆனா சொக் அடியில ஒளிஞ்சு கிடக்கும். பழைய வடிவு வேணும், பழைய நாரி நோவு வேண்டாம்.

எங்களுக்கு மனசில நிண்டது வெலோசெற். 1950களில அந்த இங்கிலாந்துக் கொம்பனி சொக்கின்ர மேல் நுனியை வளைஞ்ச ஒரு துவாரத்தில பூட்டி விட்டது. தனிய ஓடேக்க சொக்கைச் சரிச்சு வைக்கலாம், மென்மையா இருக்கும். ஆள் ஏறினா நிமித்தி வைக்கலாம், பாரம் தாங்கும். பின்னுக்கு ஒரு ஆள் வருவார் எண்டதை யோசிச்சுச் செய்த வண்டி அது.

கராஜ் அண்ணையிட்டப் போனா அவர் சொக்கைப் பாக்கேல்லை. "தம்பி, அம்மாவையும் இதிலதானே கிளினிக்குக்கு ஏத்துறனி?" எண்டுதான் கேட்டவர். ஓம் எண்டவுடன, "அப்ப அம்மாவை வச்சு அள" எண்டார்.

அளந்தம். முதல் சென்ரர் ஸ்டாண்டில விட்டு, பின் சில்லு நிலத்தில முட்டாமல், அச்சில இருந்து சீற்றின்ர அடி மட்டும் ஒரு அளவு. பிறகு மகன் ஏறி ஒரு அளவு, அம்மாவும் ஏறி ஒரு அளவு. முத்தத்தில ரெண்டு பேர் வண்டியை நேராப் பிடிக்க, அம்மா சிரிச்சுக்கொண்டு இருந்தா. ஒராள் இருக்கேக்க மொத்தப் பயணத்தில மூண்டில ஒண்டு மட்டில இறங்கவேணும் எண்டு பொதுவாச் சொல்லுறவை. ரெண்டு பேரோட எங்கட பழைய ஸ்பிரிங்கில கடைசிக் கொஞ்சம்தான் மிச்சம்.

கீழ இருக்கிற வளையத்தைத் திருப்பினா சொக் இறுகும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். உண்மையில ஸ்பிரிங்கின்ர இறுக்கம் மாறாது. வண்டி நிக்கிற உயரம்தான் மாறும். இளகிப்போன ஸ்பிரிங்கை வளையம் காப்பாத்தாது. பக்கத்தில குப்பி வச்ச பளபளா சொக்குகளையும் பாத்தம். விலை குறைஞ்ச சிலதில அந்தக் குப்பி சும்மா சோடினைதான்.

கடைசியில பழைய நீளத்திலேயே, கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங்கோட ஒரு சோடி வாங்கினம். வளையத்தைத் தனிய ஓட ஒரு படியில, அம்மா ஏறினா ரெண்டு படி கூட்டி. அதுக்கான சாவி சீற்றுக்குக் கீழ கிடக்கு. நீளச் சீற்றும் அப்பிடியே இருக்கு. பின் மக்காட்டை மட்டும் கட்டையா வெட்டினம், ராங்கிக்கு கறுப்பு அடிச்சம். படம் எடுத்துப் போட்டா, "இது கஃபே ரேசரே இல்லையடா" எண்டு ஒருத்தன் எழுதியிருந்தான். சரியாத்தான் எழுதியிருக்கிறான்.