“இந்த முறை எவ்வளவு?”



நமது சபையின் சகோதரி ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. சிகிச்சையின் பலனை அறிய மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.ஏ. 15-3 என்னும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். முடிவு வந்த ஞாயிறன்று ஆலய வாசலிலேயே, “இந்த முறை எவ்வளவு?” என்று நாம் கேட்டுவிடுகிறோம். அன்பினால்தான் கேட்கிறோம். ஆயினும் சென்ற மாதம் அவர்கள் என்னிடம், “ஐயா, குறைந்தால் சாட்சி சொல்லச் சொல்லுகிறார்கள், கூடினால் நான் யாரிடம் சொல்லுவேன்?” என்றார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அந்த எண் என்னவென்று முதலில் அறிந்துகொள்வோம். மியூக்-1 என்னும் புரதத்தைப் புற்றணுக்கள் இரத்தத்தில் உதிர்க்கின்றன. பரிசோதனை அதை அளக்கிறது. மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 30 யூனிட் வரை இயல்பு என்பது பல ஆய்வகங்களின் கணக்கு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறுமாதலால் ஒரே இடத்தில் பார்ப்பது நல்லது. கல்லீரல் நோயினாலும், புற்றல்லாத மார்புக் கட்டியினாலும்கூட எண் ஏறலாம். புதிய மருந்து தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில், மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஏறுவதும் உண்டு. நோய் இருந்தும் எண் ஏறாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஸ்கேனையும் நோயாளியின் உடல்நிலையையும் சேர்த்துப் பாராமல், இதை மட்டும் கொண்டு மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. மருத்துவரே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாத ஒன்றை நாம் ஏன் தேவனுடைய தீர்ப்பாக வாசிக்க வேண்டும்? எண் ஏறியதும், “ஜெபம் குறைந்துவிட்டதோ?” என்று கேட்பது நோயாளியின்மேல் இரண்டாவது சுமையை ஏற்றுவதாகும். இதை நான் கடுமையாகவே சொல்லுகிறேன்.

பரிசோதனையே அவிசுவாசம் என்று சொல்லுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் எசேக்கியா ராஜாவின் சரித்திரத்தை மறுபடியும் வாசிக்கட்டும். குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்களித்த பின்னும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் போடுவித்தான். அது அந்நாளின் வைத்தியம். இன்னொன்றையும் கவனியுங்கள். தனக்கு இன்னும் 15 வருஷம் உண்டென்று அவனுக்கு எண்ணாகவே அறிவிக்கப்பட்டது. அதன்பின் அவன் பாபிலோன் ஸ்தானாபதிகளுக்குத் தன் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினான் என்று வேதம் சொல்லுகிறது. ஆயுளின் எண் தெரிந்ததனால் அவனுக்கு ஞானம் பெருகிவிடவில்லை.

ஆரம்ப நிலையில் சிகிச்சை முடிந்து, அறிகுறியின்றிச் சுகமாயிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் போன்றவர்களுக்கு இப்பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் பரிந்துரைப்பதில்லை. மருத்துவர் சொல்லாமல் நீங்களாக ஆய்வகத்துக்குப் போய்க் கலங்க வேண்டாம். மருத்துவர் குறித்துக் கொடுத்த மாமோகிராமை மட்டும் தள்ளிப்போடாதிருங்கள். புற்றுநோய் இருக்கிறதா என்று முதன்முதலாகக் கண்டறியவும் இந்த இரத்தப் பரிசோதனை உதவாது. மார்பில் கட்டி தென்பட்டால் நேரே மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்களாகிய நாம், இரத்தம் கொடுத்த நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மூன்று இரவுகளில்தான் அவர்களுக்குத் தேவைப்படுகிறோம். ஒருவேளைச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். உடன் உட்கார்ந்திருங்கள். எண்ணை அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுங்கள்.