உதட்டில் பிறக்கும் நான்கு எழுத்துகள்



மலாலா யூசுப்சாய் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. "அதெல்லாம் நாடகம்" என்று சொன்னவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அந்த அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 15 வயதுப் பிள்ளை ஒன்றின் முகத்துக்கு நேர்ந்ததை மட்டும் இன்று பேசுவோம்.

2012 ஒக்டோபர் 9ஆம் திகதி சுவாத் பள்ளத்தாக்கில் பாடசாலை விட்டு வரும் வழியில் அவர் சுடப்பட்டார். இடது கண்ணருகே புகுந்த குண்டு, முகத்தை அசைக்கும் நரம்பை அறுத்துவிட்டது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள். ஆனால் மகள் சிரித்தால் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அதைப் பார்க்கும் பெற்றோர் எப்படித் தாங்கியிருப்பார்கள்! அடுத்த மாதமே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் எட்டரை மணி நேரம் சத்திரசிகிச்சை நடந்தது. நரம்பில் சுமார் 2 சென்ரிமீற்றர் துண்டு இல்லாமலே போயிருந்தது. காதின் பின்னால் செல்லும் நரம்பைக் காதின் முன்புறமாகத் திருப்பி, குறுக்கு வழியில் கொண்டுவந்து பொருத்தினார்கள். பக்கத்தூருக்குச் சுற்றிப் போகும் வீதியை விட்டு வயலால் நடப்பது போன்ற யுக்தி!

இந்த நரம்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு இது. காதின் கீழ்ப்புறமாக வெளியே வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து கிளைகளாக விரிகிறது. நெற்றியைச் சுருக்குவது, கண்ணை மூடுவது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அதன் வேலை. அது தளர்ந்துபோவதை அரபியில் 'லக்வா' என்பார்கள். 925இல் வபாத்தான அர்ராஸியும், அவருக்குப் பின் வந்த இப்னு சீனாவும் இந்நோயை விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலோ வாய் கோணினால் "காற்றுப் பட்டுவிட்டது" என்று நூல் கட்ட ஓடுகிறோம். இது எனக்குப் பெரிய மனக்குறை. காயமே இல்லாமல் திடீரென முகம் கோணினாலும் முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்குவதே நல்லது. கை கால் தளர்ச்சியும் பேச்சுக் குழறலும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

என்னிடம் ஓதும் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி வழுக்கி, அலுமாரிக் கண்ணாடியில் விழுந்தாள். காதுக்கு முன்னால் ஆழமான வெட்டு. தோலைத் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் இடது கண் மூடவில்லை, குடித்த தேநீர் கடைவாயால் வழிந்தது. பிள்ளையின் மாமா, "நரம்பு தன்பாட்டில வளரும், சபர் செய்யுங்கோ" என்றார். உம்மா என்னிடம் வந்து, "மௌலவி, என்ன செய்யிற?" என்று அழுதா. எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். அறுந்த நரம்பின் தூரப்பக்கத்து நுனி சுமார் மூன்று நாட்கள் வரைதான் மின்தூண்டலுக்கு அசையும், அதற்குள் திறந்தால் நுனியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றார். வைத்தியம் செய்யாமல் இருப்பதற்குச் சபர் என்று பெயரில்லை என்று மாமாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அன்றிரவே கொழும்பு பஸ் ஏறினார்கள். மூன்றாம் நாள், நுணுக்குக்காட்டியின் கீழ், தலைமயிரிலும் மெல்லிய நூலால் இரு நுனிகளையும் தைத்தார்கள்.

தைத்த அன்றே முகம் திரும்பிவிடாது. நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். காதிலிருந்து கடைவாய் எவ்வளவு தூரம் என்று நீங்களே விரல் வைத்து அளந்து பாருங்கள். அதுவரை கண்ணைக் காப்பதுதான் தாயின் வேலை. இமைக்காத கண் காய்ந்து, கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, இமையை மூடி ஒட்டும் பட்டி என்று அந்த உம்மா ஒருநாளும் தவறவிடவில்லை.

வுழூவைப் பற்றியும் கேட்டா. தண்ணீர் பட்டால் காயத்துக்குத் தீங்கு என்று வைத்தியர் சொன்னால், சுகமான இடத்தைக் கழுவிவிட்டு, காயத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். கட்டு இருந்தால் அதன்மேல் ஈரக்கையால் தடவவும் வேண்டும். இது நம் ஷாஃபி மத்ஹபின் சட்டம்.

ஓதலில்தான் பிள்ளை உடைந்துபோனாள். பே, மீம், வாவ் மூன்றும் இரு உதடுகளிலும், ஃபே கீழுதட்டிலும் மேற்பற்களிலும் பிறப்பவை. காற்றுக் கசிந்து நான்கும் சிதைந்தன. பிஸ்மியே சரியாக வராமல் அழுதாள். இயலாதவருக்கு அல்லாஹ்விடம் குற்றமில்லை என்று சொல்லி, கடைவாயை விரலால் தாங்கிக்கொண்டு ஓதப் பழக்கினேன்.

இதற்கிடையில், "இந்த முகத்துக்கு மாப்பிள்ளை எடுக்கிறது எப்படி?" என்று அயலில் ஒரு பேச்சு. அந்த வேதனையில் உம்மா பிள்ளைக்கு நிகாப் வாங்கிவந்தா. நிகாப் அணிவது பெண் தன் இறைவனுக்காகச் செய்வது. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு குழந்தையை மூடிவைப்பது வேறு விஷயம். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலும், கண்ணாடி முன் உட்கார்ந்து மெதுவாக உதட்டை அசைக்கும் பயிற்சிக்கு முகம் திறந்திருக்க வேண்டுமே!

மலாலாவுக்கும் அந்தக் கண்ணாடிப் பயிற்சிதான் பல மாதங்கள் நடந்தது. சிரிப்பு பெருமளவு திரும்பியது, ஆனால் முழுமையாக அல்ல. ஆகவே 2018இல் பொஸ்டனில், கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து முகத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் பாய்ச்சினார்கள். 2019இல் தொடையிலிருந்து திசு எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள். அசைவு கூடியது, ஆனால் கன்னத்தில் கொழுப்பும் நீரும் சேர்ந்ததால் 2021 ஓகஸ்ட் 9இல் மீண்டும் ஒரு சத்திரசிகிச்சை. ஒரு குண்டுக்கு ஒன்பது ஆண்டுகள்! நீண்ட காலம் நரம்பில்லாமல் கிடந்த தசை மெலிந்துவிடும். பிறகு நரம்பைத் தைத்தும் பயனில்லை, வேறு தசைதான் தேட வேண்டிவரும்.

நம் பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்தில் கடைவாய் லேசாகத் துடித்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஒரு வருடம் கடந்துவிட்டது. பே தெளிவாக வருகிறது, ஃபேயில் மட்டும் இன்னும் சிறு கசிவு. வளரும் நரம்பிழைகள் சில வழிமாறிப் போய்ச் சேர்வதுண்டாம். அதனால் உதட்டைச் சேர்த்து மீம் ஓதும்போதெல்லாம் இடது கண் தானாகச் சிமிட்டுகிறது. வகுப்பில் சின்னஞ்சிறுசுகள் மீம் என்றால் அப்படித்தான் ஓத வேண்டும் என்று எண்ணி, தாங்களும் சிமிட்டுகிறார்கள்.