சம்பந்தியம்மா வீட்டு பீரோ

"டக்... டக்... டக்..."

ராத்திரி பதினொரு மணி. பல்லி என்றுதான் முதலில் நினைத்தேன். காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியையே தொட்டுவிட்டு வந்தவன் நான். இதற்கெல்லாம் பயப்படுவேனா? ஆனால் சத்தம் வந்தது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து. ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுக்கொண்டிருந்தது.

ஏனாத்தூரில் எங்கள் வீட்டுக் கரன்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். யூ.பி.எஸ். வாங்கச் சொன்ன மனைவிக்கு, "அடுத்த போனஸ்ல பார்க்கலாம்" என்று நாலு தீபாவளியாகப் பதில் சொல்லி வந்தேன்.

உள்ளே இருந்த ஆபீஸ் ஃபைல்கள் போகட்டும், சினிமாக்கள் போகட்டும். 2009-ல் நடந்த தங்கை கல்யாண வீடியோவும் அதில்தான் இருந்தது. ஒரு இடத்தில் அப்பா பந்தியில் நின்றுகொண்டு, "டேய், சாம்பார் வாளி எங்கடா போச்சு?" என்று கத்துவார். அவ்வளவுதான். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அவர் குரல் என்று எங்களிடம் மிச்சமிருந்தது அந்த சாம்பார் வாளி ஒன்றுதான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தார், டாக்டர் மாதிரி.

"ஹெட் போயிடுச்சு ஸார். தட்டு நிமிஷத்துக்கு 7,200 தரம் சுத்தும். ஹெட் அதைத் தொடாம, தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லாத உயரத்துல மிதக்கணும். தொட்டா, தீர்ந்தது கதை."

மீட்டுத் தர அவர் சொன்ன தொகைக்கு எங்கள் ஊரில் ஒரு கறவை மாடு வாங்கலாம். அதுவும் கேரன்டி இல்லாமல்.

"சாகாத கம்பெனி எது, சொல்லுங்க. அதையே வாங்கிடறேன்."

சிரித்தார். "ஹார்ட் டிஸ்க் பண்றது இன்னிக்கு மூணே பேர். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. யாரும் அமிர்தம் ஊத்திக் குடுக்கறதில்லை ஸார்!"

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற கம்பெனி லட்சக்கணக்கில் டிஸ்க்குகளை ஓட்டி, 2013 முதல் கணக்கு வெளியிட்டு வருகிறது. வருஷத்துக்கு நூறில் ஒன்று, ஒன்றரை படுத்துவிடுகிறதாம். ஒரே கம்பெனியில் ஒரு மாடல் பீஷ்மர், இன்னொரு மாடல் அபிமன்யு. வாரன்டி எத்தனை வருஷம் என்று பார்த்து வாங்கலாம். ஆனால் வாரன்டி புது டிஸ்க்தான் தரும், அப்பாவைத் தராது.

"ரெண்டா வாங்குங்க. வேற வேற மாடலா இருக்கட்டும். மூணாவது காப்பி வேற ஊர்ல இருக்கணும்."

எங்கள் உத்திரமேரூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரிலேயே வெட்டிவிட்டார்கள். ஆயிரத்து நூறு வருஷமாகியும் படிக்கலாம், கரன்ட்டே வேண்டாம். ஆனால் சாம்பார் வாளியைக் கல்லில் வெட்ட முடியுமா?

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வேற ஊர்! கல்யாண டி.வி.டி. ஒன்று வாலாஜாபாத்தில் சம்பந்தி வீட்டுக்கும் போயிருந்ததே!

ஒரே சிக்கல். சம்பந்தியம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லாமல் மூன்று வருஷம். "காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு ஒரு நல்ல பட்டு எடுக்கத் தெரியலையே" என்று வளைகாப்பில் அவர் சொல்ல, என் மனைவி பதில் சொல்ல...

ஆப்பிள் ஒரு கிலோவோடு போய் நின்றேன். "அத்தை... அந்தக் கல்யாண டி.வி.டி...."

ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்தார். பட்டுப் புடவை மடிப்புக்குள்ளிருந்து, துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். நாங்கள் சரியில்லை என்று சொன்ன அதே புடவை!

பழைய பிளேயரில் போட்டோம். பந்தி வந்தது. அப்பா வந்தார். "டேய், சாம்பார் வாளி எங்கடா போச்சு?"

எனக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த வாளி என்கிட்டதான் இருந்தது தம்பி. எங்க பக்கத்துப் பந்திக்கு எடுத்து வச்சிருந்தேன். பாவம், ரொம்ப நேரம் தேடினாரு."

இப்போது என்னிடம் டிஸ்க் இரண்டு, யூ.பி.எஸ். ஒன்று. மூன்றாவது காப்பி அதே பீரோவில். டிஸ்க்கை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் குடும்பத்தோடு வாலாஜாபாத் போகிறோம்.

"பத்திரமா இருக்கா அத்தை?"

"எது தம்பி, டிஸ்க்கா, நானா?"

ரெண்டும்தான் அத்தை!