டிரம்புல் மூலையில் ஒரு கொடிமரம்

மிச்சிகன் மாகாணத்து ஈஸ்ட் லான்சிங்கில் என் தகப்பனார் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், என் பால்யத்தின் கோடை மாலைகளெல்லாம் தொலைக்காட்சியில் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவின் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்ப்பதிலேயே கழிந்தன. ஜார்ஜ் கெல், ஆல் கேலைன் என்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் இருவரும் சாவதானமாகச் சொல்லிக்கொண்டு போகும் வர்ணனையிலிருந்துதான் அந்த ஆட்டத்தின் சூட்சுமங்களை நான் கற்றுக்கொண்டேன்.

அக்குழுவின் சொந்த மைதானமான டைகர் ஸ்டேடியத்தில் வலப்புறத்து மேல்மாடம், கீழ்மாடத்தைவிடச் சுமார் 10 அடி முன்னால் நீண்டு மைதானத்தின் மீதே கவிந்திருக்கும். அடிபட்ட பந்து ஆகாயத்தில் எழும்ப, அதைப் பிடிக்க வேண்டிய ஆட்டக்காரர் பின்னோக்கி ஓடி, மதிலை முதுகால் தடவிப் பார்த்துக்கொண்டு, கையுறையை விரித்து அண்ணாந்து நிற்பார். பந்தோ அவர் கைக்கு எட்டாமல், தலைக்கு நேர் மேலே மாடத்தில் அமர்ந்திருப்பவர்களின் மடியில் விழுந்து ஹோம் ரன் ஆகிவிடும். விரித்த கையுறை ஒரு க்ஷணம் அப்படியே நிற்கும். பிறகு மெல்லத் தாழும். 1984 அக்டோபர் 14 அன்று, எதிரணியின் கூஸ் கோசேஜ் வீசிய பந்தை டைகர்ஸ் ஆட்டக்காரர் கர்க் கிப்ஸன் அந்த வலப்புற மேல்மாடத்துக்கே அடித்து அனுப்பியபோது, எங்கள் சின்னக் குடியிருப்பு முழுவதும் ஆரவாரித்தது.

பல வருஷங்கள் கழித்து டெட்ராய்ட் செல்லும் பாக்கியம் கிடைத்தபோது, மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல் அவென்யூவும் சந்திக்கும், டைகர் ஸ்டேடியம் இருந்த அந்த மூலைக்குத்தான் முதலில் போனேன். பாஸ்டனின் ஃபென்வே பார்க் திறக்கப்பட்ட அதே 1912 ஏப்ரல் 20 அன்று நேவின் ஃபீல்டு என்ற பெயருடன் திறக்கப்பட்ட மைதானம் இது. பாஸ்டன் நகரத்தார் தங்களுடையதை இன்றுவரை போற்றிக் காத்து வருகிறார்கள். இங்கோ 1999 செப்டம்பர் 27 அன்று கடைசி ஆட்டம் முடிந்து, பத்து வருஷங்களுக்குள் மாடங்கள் யாவும் இடித்துத் தள்ளப்பட்டன. அதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆயினும், இடித்த பிறகு களை மண்டிக் கிடந்த நிலத்தில், எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், சொந்தப் புல்வெட்டி இயந்திரங்களோடு வந்து, புல்லைச் சீர்ப்படுத்தி, பந்து வீசும் மேட்டை மறுபடி எழுப்பிய தொண்டர்களுக்கு என் வந்தனம் உரியது. 2018-ல் அவ்விடம் இளைஞர்களுக்கான மைதானமாயிற்று. இப்போது அங்கே விரித்திருப்பது செயற்கைப் புல். எனக்கு அது உவப்பாக இல்லை. ஆனால் பழைய மைதானத்தில் ஆட்டக்களத்துக்கு உள்ளேயே நின்ற 125 அடிக் கொடிமரம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பயிற்சியாளர் ஒருவரின் அனுமதியுடன் அதனருகில் சென்று அண்ணாந்து பார்த்தேன். தொலைக்காட்சி எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடியதால், அதன் உயரத்தை நான் அறிந்ததேயில்லை.

டெட்ராய்ட் செல்லும் அன்பர்கள் அந்த மூலைக்கு அவசியம் போக வேண்டும். சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தால், சற்றுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.