வீடு வேணும்னு எங்க இருக்கு?

மாரியம்மன் கோயில் முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு படித்தேன். நாலு பக்கம். 1996ஆம் ஆண்டு, எனக்குப் பதினெட்டு வயது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், லாபு பக்கம் இருந்த எங்கள் தோட்டம் கைமாறிவிட்டிருந்தது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை கித்தா எனும் ரப்பரும் செம்பனையும் மட்டுமே தெரிந்திருந்த எங்கள் வட்டாரத்து மண்ணுக்கு ஏக்கர் கணக்கில் புது விலை பேசினார்கள். வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும். அதனால் ஒரு மனு எழுத வேண்டும் என்று முடிவானது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றவன் என்று என்னை எழுதச் சொன்னார்கள்.

காடு மேடாகக் கிடந்த மலாயாவை நம் முன்னோர் வியர்வையால் விளைநிலமாக்கியதில் தொடங்கியிருந்தேன். கப்பல் பயணம், பாம்புக் கடி, மலேரியா, ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில் எல்லாம் வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். படித்து முடித்ததும் கைதட்டல்கூட எழுந்தது. அப்போதுதான், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியம்மா கேட்டார். பள்ளிக்கூடம் போகாதவர். உளி பிடித்த இடமெல்லாம் காய்த்துப்போன கையைத் தூக்கி, "எல்லாம் நல்லாருக்கு தம்பி. வீடு வேணும்னு எங்க இருக்கு?" என்றார்.

தாளைப் புரட்டித் தேடினேன். நாலாம் பக்கத்தின் கடைசியில், "இதன் தொடர்பில் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று இருந்தது. அவ்வளவுதான். வீடு என்ற சொல்லே எங்கும் இல்லை.

இந்த முப்பது வருடத்தில் எத்தனையோ பேருக்குக் கட்டுரை சொல்லிக் கொடுத்துவிட்டேன். பெரியம்மாவின் கேள்வியைவிடக் கூர்மையான ஒரு பாடத்தை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில். ஏழு முதல் பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் ஆசிரியர் ஒரே அறையில் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்த்தார். முன்னுரை, மூன்று கருத்துகள், முடிவுரை என்று பலகையில் ஐந்து கட்டம் போட்டுக் காட்டினார். கருத்துக்கு ஒரு பத்தி. பத்தியின் தொடக்கத்தில் 'முதலாவதாக', 'மேலும்', 'இதைத் தவிர்த்து'. முன்னுரையில் ஒரு திருக்குறளோ பழமொழியோ வர வேண்டும். அதற்கு 'மேற்கோள்' என்று பெயர். நீரின் அவசியம், நூலகத்தின் பயன், நட்பு என எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற இரண்டு முன்னுரைகளை நாங்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

அந்த ஐந்து கட்டத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டில் பேனா பிடித்தவர் யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு, நினைப்பதை வரிசைப்படுத்தலாம் என்று காட்டியதே பெரிய கொடை. ஆனால் அந்தக் கட்டங்களுக்கு மேலே இருக்க வேண்டிய ஒரு வரியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நீ என்ன சொல்கிறாய்? கட்டுரை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல் என்றால் எதைச் சொல்வாய்? மூன்று கருத்துகள் எழுதினோமே, அவை எதற்குக் கருத்துகள்?

இதற்குப் பள்ளியை மட்டும் காரணமாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. துரை முன்னால் நிமிர்ந்து பேசாதே, கிராணி கேட்டால் 'ஆமாங்க ஐயா' என்று சொல் என்றுதான் தோட்டம் எங்களை வளர்த்தது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது தவிர, பல பேருக்கு அங்கே வாய் திறக்கும் வேளையே இருந்ததில்லை. 'தக்க நடவடிக்கை' என்பது அந்த வளர்ப்பிலிருந்து வந்த சொல். எது தக்கது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், நாங்கள் கேட்க மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். பதினெட்டு வயதில், நல்ல தமிழ் என்று நினைத்துக்கொண்டு அதை நான் எழுதியிருந்தேன்.

அன்றிரவு யாரும் கலையவில்லை. "சரி, இப்ப எழுது: வீடு வேணும்" என்றார் பெரியம்மா. எழுதினேன். உடனே மண்டோர் வேலை பார்த்த ஒரு அண்ணன், "சும்மா வீடுன்னா? பாஹாவ் பக்கம் எங்கயாவது குடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். 'இந்த நிலத்திலேயே' என்று சேர்த்தேன். "தர்றோம் தர்றோம்னு சொல்லிட்டு லயத்தை இடிச்சிட்டா எங்க போய் நிப்போம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். 'வெளியேறும் முன்பே' வந்தது. ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு ஒண்டியிருந்த ஒரு தாத்தா எதுவும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் என்ற வேறுபாடின்றி' என்பது அவருக்காக. கடைசியில் தாளில் நின்ற வரி இது: தோட்டத்தை விட்டு வெளியேறும் முன்பே, இந்த நிலத்திலேயே, வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வீடு வேண்டும்.

அதற்குப் பிறகு பத்திகளைத் தேடி நான் அலையவே இல்லை. வரியிலிருந்த ஒவ்வொரு சொல்லும் தனக்கு வேண்டிய பத்தியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டது. ஏன் வெளியேறும் முன்பே? 1980ஆம் ஆண்டின் ஆள்குறைப்புச் சலுகை விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். என் அம்மாவுக்கு 24 வருடம், ஆக 480 நாள் கூலி. அதை வைத்து ஒன்றரை வருடம் வாடகையும் அரிசியும் பார்க்கலாம். வீடு வாங்க முடியாது. ஏன் இந்த நிலத்திலேயே? பள்ளி இங்கே, கோயில் இங்கே, எங்கள் சுடுகாடும் இங்கே. ஏன் ஓய்வு பெற்றவர்களுக்கும்? இந்தக் கித்தாக் கன்றுகளை நட்டவர்களே அவர்கள்தான். முதல் மனுவில் இரண்டு பக்கத்தை நிறைத்திருந்த பாம்பும் மலேரியாவும் இங்கே வந்து இரண்டு வரியில் அமர்ந்தன. அழவைக்க வந்தவையாக இருந்தவை இப்போது காரணங்களாக மாறியிருந்தன.

மறுநாள், மலாயில் எழுதித் தரச் சொல்லி, தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியிடம் அதை எடுத்துப் போனோம். பழைய மனுவை முன்பே ஒருமுறை அவரிடம் காட்டியிருந்தேன். 'இதுல எதைத் தம்பி மலாய்ல எழுதுறது?' என்று பேனாவை மூடி வைத்திருந்தார். புதியதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். மனு போனதும் வீடு வந்துவிடவில்லை, வருடங்கள் ஆயின, எல்லாருக்கும் கிடைக்கவும் இல்லை. ஆனால் அடுத்து நடந்த கூட்டத்தில் எதிரில் இருந்தவர்கள் எங்களிடம், "எந்த இடத்தில்? எப்போதுக்குள்?" என்று கேட்டார்கள். அதுவரை யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை.

பின்னால் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதுதான் நன்னூலை ஒழுங்காகப் படித்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், ஒரு நூலின் பாயிரம் சொல்ல வேண்டியவற்றுள் 'நுதலிய பொருள்' என்று ஒன்றை வைக்கிறார். இந்த நூல் எதைச் சொல்ல எடுத்துக்கொண்டது என்பது அது. கொள்கைகளை ஏழு வகையாகப் பிரிக்கும்போது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவதும், இருவர் மாறுபட்டு நிற்கையில் ஒரு பக்கத்தைத் துணிவதும் அவற்றில் சேர்கின்றன. கோயில் கொட்டகையில் நாங்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்தது எழுநூறு வருடமாக நம் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொரு சொல். அதே நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள், முப்பத்தொன்பது அதிகரணங்கள். ஒவ்வோர் அதிகரணமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று நடக்கும். அங்கே மேற்கோள் என்றால் அடுத்தவர் சொன்னது இல்லை. நான் மேற்கொண்டு நிற்பது, என் துணிபு. ஏது அதற்குக் காரணம். எந்தச் சொல் ஒரு காலத்தில் என் கருத்தைக் குறித்ததோ, அதே சொல் இன்று பிறர் வாசகத்தை எடுத்து ஒட்டுவதைக் குறிக்கிறது. எங்கள் ஐந்து கட்டத்தில் காணாமல் போயிருந்த வரியின் இடத்தில்தான் நாங்கள் குறளை உட்கார வைத்திருந்தோம். குறள் பெரியதுதான், ஆனால் லாபுவில் எங்களுக்கு வீடு வேண்டும் என்பதை வள்ளுவர் வந்து சொல்ல மாட்டார்.

இந்த நாட்டில் எழுதக் கற்றுத்தர நம்மவர்கள் உழைத்திருக்கிறார்கள். 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையே பள்ளிக்கூடமாக இருந்த காலம். கட்டுரைக்கும் அந்த அக்கறை வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது சிரம்பானில் படிவம் ஐந்து மாணவர்களுக்குத் தமிழ் எடுக்கிறேன். வாதக் கட்டுரை, விவாதக் கட்டுரை இரண்டும் பாடத்தில் உண்டு. விவாதம் என்றதும் மூன்று நன்மை, மூன்று தீமை, முடிவில் எதுவும் அளவோடு இருந்தால் நல்லது என்று எழுதிவிடுகிறார்கள். தாளின் மேல் ஓரத்தில் நான் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி போடுவேன்: 'வீடு எங்கே?' முதல் வாரத்தில் கதையைச் சொல்லிவிடுவதால் அவர்களுக்குப் புரியும்.

சென்ற மாதம் கொடுத்த தலைப்பு, பிள்ளைகள் குறைந்துபோன தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளை நகரத்துக்கு மாற்றலாமா என்பது. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று ஏறத்தாழ 530 இருக்கின்றன. எங்கள் மாநிலத்தில் இது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. ஒரு மாணவி 'இடமாற்றத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று தொடங்கியிருந்தாள். கேள்வியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை, 'பள்ளிகளைக் காப்பது நம் கடமை' என்று வந்தது. யார் மறுக்கப் போகிறார்கள்? மறுப்பதற்கு ஆள் இல்லாத வரிக்கு ஏது எதற்கு என்று கேட்டேன். மூன்றாம் முறை அவள் எழுதியது: 'தோட்டத்தில் எட்டுப் பிள்ளைகளோடு காத்திருந்து மூடப்படுவதைவிட, அதே பெயரோடு நகரத்துக்குப் போய் எண்பது பிள்ளைகளோடு இருப்பதே எங்கள் பள்ளிக்கு நல்லது.'

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோட்டத்தை விட்டுப் பள்ளியும் கிளம்பிவிட்டால் அங்கே மிஞ்சுகிற குடும்பங்களின் கதி என்ன என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த வரியின் கீழே கோடு போட்டு, மேலே எழுது என்றேன்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"ஐயா, பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க அந்தப் பள்ளியிலதான் படிச்சாங்க. ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க."

"என்ன சொல்றாங்க?"

"பள்ளி போச்சுன்னா அங்க தமிழ் ஆளுங்க இருந்தாங்கங்கிற அடையாளமே போயிடும்ங்கிறாங்க. எனக்கு இன்னும் பதில் தெரியல. அதை எழுதாம விட்டுடவா?"

"விடாதே. இரண்டாம் பத்தியை அதிலேயே தொடங்கு" என்றேன்.