பசித்தால் தின்னுமா?

ஹரோ, லண்டன்



2016இல் இங்கே ஒரு கோப்பை பெரிய செய்தியானது. ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவன், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரே மாதிரி நீலக் கோப்பையில் மட்டுமே குடிப்பான். வேறு எதில் கொடுத்தாலும் வாய் வைக்கமாட்டான். உடலில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போனதும் உண்டு. கோப்பை தேய்ந்துவிட்டது, கடைகளிலும் அந்த வகை இல்லை. தகப்பன் ட்விட்டரில் கேட்டார். டோமி டிப்பி நிறுவனம் பழைய அச்சைத் தேடியெடுத்து 500 கோப்பைகள் செய்து கொடுத்தது.

எங்கட சனத்திடம் இதைச் சொன்னால், "செல்லம் கூடிப்போச்சு. ரெண்டு நாள் பட்டினி போடுங்கோ, தானாக் குடிக்கும்" என்பார்கள். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மம்மாமார் இதில் முன்னுக்கு நிற்பார்கள். அந்த வைத்தியம் ஓட்டிசம் உள்ள இப்படியான பிள்ளைகளிடம் பலிக்காது. குழம்பு வாசமே சிலருக்குக் குமட்டும்; குழைந்த சோறு நாக்கில் பட்டாலே ஓங்காளிப்பார்கள். பிஸ்கட் பெட்டியின் நிறம் மாறினாலும் அது அவர்களுக்கு வேறு சாப்பாடு. ஓட்டிசத்தை ஆரம்பத்தில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானரே, 1943 கட்டுரையில், கைக்குழந்தைப் பருவத்திலேயே உண்ண மறுத்த பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்பிள்ளைகளுக்கு உணவுச் சிக்கல் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று தெரிந்தது. கல்சியமும் புரதமும் குறைவு; ஆனால் எடையும் உயரமும் பெரிதாக வேறுபடவில்லை. ஏமாறுவது இந்த இடத்தில்தான். சிப்ஸும் பாணும் தின்று கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கு விற்றமின் சி இல்லாமல் ஸ்கேர்வி வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்த பிறகுதான் சில வீடுகளில் விஷயம் வெளிவந்தது.

கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஓட்டிசம் மாறும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்காக அப்படிச் செய்ய வேண்டாம் என்று இங்குள்ள நைஸ் (NICE) என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டி 2013இலேயே சொல்லிவிட்டது. ஐந்தே வகை தின்னும் பிள்ளையிடம் இரண்டைப் பறிப்பது என்ன வைத்தியமோ!

பிள்ளை உண்ண மறுத்தால், மலச்சிக்கலோ பல்வலியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, தின்கிற சாப்பாட்டுக்குப் பக்கத்தில் புதியது ஒரு துண்டு. தொடட்டும், மணக்கட்டும், தள்ளியும் வைக்கட்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், "என்ர கையால ஒரு வாய்" என்று பிள்ளையைப் பிடிக்காதீர்கள். தாயிடம், "ஏன் பிள்ள இன்னும் சோறு பழக்கேல்ல?" என்றும் தயவுசெய்து கேட்காதீர்கள்.